ஏர்க்களம் ஈன்ற போர்க்களிறு

திருவள்ளூர் மாவட்டத்திலே, சென்னைக்கு மேற்கே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் ஆவடி. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து ‘விஜயந்தா’ என்னும் டாங்கி உருண்டு வந்தது. இந்திய மண்ணில் உருவாக்கப்பட்ட முதல் பெரும்போர் டாங்கி அது. அதன் பின்னர் சோவியத்து நாட்டு வடிவிலே ‘அஜேயா’ வந்தது, ‘பீஷ்மா’ வந்தது, ஆவடியிலேயே இயங்கும் ஆய்வு நிலையம் வரைந்து தந்த ‘அர்ஜுன்’ வந்தது.

பெயர்களைப் பார்த்தீர்களா, தோழர்களே! எஃகை அறுத்தவன் தொழிலாளி. பற்றவைப்பின் தீப்பொறியிலே கண் எரிந்தவன் தொழிலாளி. இரவு பகலாகக் கணக்கிட்டவன் பொறியாளன். பெயர் சூட்டும் வேளை வந்ததும் பாரதக் கதையைப் புரட்டத் தொடங்கிவிட்டனர்! அம்புப் படுக்கைக் கிழவருக்கும் ஆயிரம் குதிரைத் திறன் டீசல் எஞ்சினுக்கும் என்ன உறவு? வினவுவார் இல்லை.

பெயர் போகட்டும், பெயரோடு வரலாறும் போய்விட்டதே, அதுதான் நம் கவலை. இவ்வளவு பெரிய இரும்புக் கோட்டையை ஆக்கும் ஊரைச் சுற்றி வாழ்கின்ற நாம், அது எங்கே பிறந்தது, எவர் பெற்றெடுத்தார், எவர் எள்ளினார், எத்தனை உயிர்களைக் குடித்துக் கற்றது என்பதை அறிவோமா? நம் வகுப்பறையிலே கேட்டுப் பார்த்தோம். இரண்டு கதைகள் கிடைத்தன.

முதற்கதை ஊர்ப் பெயர் பற்றியது. ‘கவச ஊர்திகளும் வெடிபொருள்களும் வைக்கும் இந்தியக் கிடங்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அச்சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘ஆவடி’ என்று வருமாம். வெள்ளையன் இட்ட பெயராம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், இராயபுரத்திலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை 1856-இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதைக்குரிய பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலையப் பட்டியல்களிலேயே ஆவடி இருக்கிறது. டாங்கி என்ற பொருள் உலகிலே தோன்றியதோ 1915-இல். பிள்ளை பிறப்பதற்கு அறுபது ஆண்டுகட்கு முன்பே பிள்ளையின் பெயரால் ஊர் அமைந்ததென்றால், அதை நம்புவோர் வேறெதைத்தான் நம்பமாட்டார்?

இரண்டாம் கதை இன்னும் பழையது. மகத மன்னன் அசாதசத்துரு லிச்சவியரோடு போர் புரிந்தபோது, ‘இரதமூசலம்’ என்னும் தேரை ஓட்டினானாம். உலக்கை பூட்டிய அத்தேர் ஆளின்றி, குதிரையின்றித் தானே சுழன்று பகைவரை மாய்த்ததாம். சமண நூல் சொல்கிறது. இதைக் காட்டி, ‘டாங்கியை அன்றே கண்டவர் நம் முன்னோர்’ என்று மார்தட்டுவோர் உண்டு. தேர் இருந்திருக்கலாம், உலக்கையும் இருந்திருக்கலாம். குதிரையின்றி ஓடியது எதனால்? எரிபொருள் எது? எஞ்சின் எங்கே? நூலைக் கேட்டால், இந்திரன் துணை வந்தான் என்கிறது! எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் இந்திரனை உட்காரவைத்தால், அது வரலாறு ஆகாது, வழிபாடாகும்.

அப்படியானால் உண்மை வரலாற்றை எங்கே காண்பது? நூல்களில். எந்த நூல்களில்? அதைச் சொல்லத்தான் இக் கட்டுரை. ஆயின், ஒரு புராணத்தைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு புராணத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொள்ளல் ஆகாது. எனவே ஒவ்வொரு நூலிடமும் நான்கு கேள்விகள் கேட்போம். சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? சொன்னதால் அவருக்கு என்ன ஆதாயம்? மறுத்தவர் எவர்?

கழனியில் தொடங்கிய கதை

டாங்கியின் தாய்வீடு போர்க்களமன்று, கழனி! சேற்றில் புதையும் சக்கரத்துக்கு மாற்றுத் தேடிய உழவு இயந்திரக்காரர்களே அதற்கு அடிகோலியவர்கள். கலிபோர்னியாவின் சதுப்பு நிலங்களில் பெஞ்சமின் ஹோல்ட் என்பார் 1904-இல் சக்கரத்தை நீக்கிவிட்டுச் சங்கிலிப் பட்டை பூட்டிய உழவு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் டேவிட் ராபர்ட்ஸ் ஏறத்தாழ அதே காலத்தில் அதே வழியில் சென்றார். நெளிந்து நகர்ந்த அந்த வண்டிக்குச் சிப்பாய்கள் ‘கம்பளிப்புழு’ என்று பெயர் வைத்தனர். 1903-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ‘நிலத்து இரும்புக் கப்பல்கள்’ பற்றிக் கதை எழுதிவிட்டார். ஆஸ்திரியாவின் பர்ஸ்டின் 1911-இலும், ஆஸ்திரேலியாவின் டி மோல் 1912-இலும் வரைபடங்களையே நீட்டினர். அரசுகள் வாங்கிப் பார்த்தன, மூடி வைத்தன.

1914 வந்தது; பெரும்போர் வந்தது. முள்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் நடுவே மனிதன் செத்து விழுந்தான். சுவிஸ் எல்லையிலிருந்து கடல்வரை அகழி நீண்டது. அப்போதுதான், மூடிய பெட்டிகளைத் திறக்க மனம் வந்தது. 1915 பிப்ரவரியில், கடற்படை அமைச்சர் சர்ச்சில் ‘நிலக்கப்பல் குழு’ ஒன்றை அமைத்தார். நிலத்திலே ஓடவேண்டிய வண்டியைக் கடற்படைக்காரர் வடிவமைத்த விந்தை அது! லிங்கன் நகரில் கதிரடிக்கும் இயந்திரங்கள் செய்துவந்த பாஸ்டர் நிறுவனத்தில், டிரிட்டனும் வில்சனும் அதை இரும்பாக்கினர். 1916 தொடக்கத்தில் அது அதிகாரிகள் கண்முன்னே அகழி தாண்டிக் காட்டியது.

இரகசியம் காக்க ஒரு பெயர் வேண்டும். ‘மெசபொடேமியாவுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி’ என்று வதந்தி பரப்பினர். தொட்டி என்பதற்கு ஆங்கிலச் சொல் ‘டாங்க்’, அதுவே நிலைத்தது. அந்தச் சொல் எங்கிருந்து ஆங்கிலம் புகுந்தது? குசராத்திச் சொல் என்பர் சிலர். போர்ச்சுக்கீசியச் சொல் என்பர் சிலர். இரண்டும் கலந்ததென்பாரும் உளர். எப்படியாயினும், புழல் ஏரியையும் செம்பரம்பாக்கம் ஏரியையும் வெள்ளையர் ஏடுகள் ‘டாங்க்’ என்றே குறித்தன. ஏரிக்குரிய சொல் எரிகுண்டு கக்கும் வண்டிக்குப் பெயராகி, மீண்டும் ஏரிகள் சூழ்ந்த நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது!

இந்தப் பிறப்புக் கதையை அறிய மூன்று நூல்கள் உள. ஆல்பர்ட் ஸ்டெர்ன் 1919-இல் வெளியிட்ட ‘டாங்க்ஸ் 1914–1918’, வில்லியம்ஸ்-எல்லிஸ் இணையர் அதே ஆண்டில் எழுதிய ‘தி டாங்க் கோர்’, எர்னஸ்ட் சுவின்டன் 1932-இல் எழுதிய ‘ஐ விட்னஸ்’. ஸ்டெர்ன் வங்கியாளர், டாங்கி உற்பத்தியை முடுக்கியவர், 1917-இல் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவர். அந்த மனப்புண் நூலிலே தெரியும். சுவின்டன் படையதிகாரி, சங்கிலி வண்டியைப் போருக்குப் பயன்படுத்தலாம் என்று 1914 அக்டோபரிலேயே மேலிடத்தை நெருக்கியவர். ஆனால் நிகழ்ச்சிக்குப் பதினாறாண்டு கழித்து எழுதினார். அதற்குள், ‘டாங்கியின் தந்தை நானே’ என்று கூறிக்கொள்வோர் பலராகிவிட்டனர்.

அந்த வழக்கை ஒரு மன்றமே விசாரித்தது. 1919-இல் கண்டுபிடிப்பாளர் பரிசு குறித்த அரச ஆணையம் சாட்சிகளை அழைத்தது, கடிதங்களைப் பார்த்தது, தேதிகளை ஒப்பிட்டது. டிரிட்டனுக்கும் வில்சனுக்கும் சேர்த்து 15,000 பவுன். சுவின்டனுக்கு 1,000 பவுன். கருத்தைச் செயலாக்கும் ஊக்கம் சர்ச்சிலுடையது என்று குறித்தது. டி மோலின் வரைபடமோ, கட்டப்பட்ட டாங்கியைச் சில வகைகளில் விஞ்சியது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவ்வரைபடம் டாங்கி கட்டியோர் கைக்கு எட்டவில்லை என்பதால் பரிசு இல்லை, செலவுத்தொகை மட்டுமே. தீர்ப்பு முற்றும் சரியா என்பது வேறு. தந்தை யார் என்ற கேள்விக்குத் தலவிருட்சத்தைச் சுற்றி விடை தேடாமல், தாளும் தேதியும் சாட்சியும் கொண்டு விடை தேடினார்களே, அந்த முறை நமக்கு வேண்டும்.

களம் கற்பித்த பாடம்

1916 சூலை 14. பிரான்சின் சோம் ஆற்றுப் போர்முனை. ஐவுட் என்னும் காட்டருகே, இந்தியப் படையின் ‘தக்கணக் குதிரைப்படை’ ஈட்டி ஏந்திப் பாய்ந்தது. எதிரே இயந்திரத் துப்பாக்கி! சிலரைக் குத்தி வீழ்த்தினர்; சிறிது தூரம் முன்னேறினர்; இரவோடு திரும்பினர். எவன் வீட்டுச் சண்டைக்கோ எங்கிருந்தோ சென்ற இந்திய உழவன் மகன், ஈட்டியோடு இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்டான். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, அதே போர்முனையில் டாங்கி முதன்முதலாக இறங்கியது. ஏறத்தாழ ஐம்பது வண்டிகள் தயாராயின. பாதி வழியில் நின்றவை போக, புறப்பாட்டு இடத்தை அடைந்தவை முப்பத்திரண்டு என்பது பெரும்பாலான நூல்களின் கணக்கு. வேறு கணக்குகளும் உண்டு. ஒப்பிட்டுப் படிப்போர் காண்பர்.

உள்ளே இருந்தவர் நிலை என்ன? எட்டு ஆள். இருபத்தெட்டு டன் எடை. நடையின் வேகமே அதன் உச்ச வேகம். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் இடையே தடுப்பு இல்லை. வெப்பம் கொதிக்கும், புகை மூச்சை அடைக்கும். வண்டியைத் திருப்ப மட்டுமே நால்வர் ஒத்து உழைக்கவேண்டும். 1918-இல் வந்த ஐந்தாம் வகை வண்டியிலேதான் ஓட்டுநர் ஒருவரே திருப்பும் நிலை வந்தது. இவ்வாழ்வை உள்ளிருந்து எழுதியவர் டபிள்யூ. எச். எல். வாட்சன்; நூல் 1920-இல் வந்த ‘எ கம்பெனி ஆப் டாங்க்ஸ்’. 1917 ஏப்ரலில் புல்கூர் என்னுமிடத்தில் அவருடைய பதினொரு வண்டிகள் தாமதித்தன, பழுதாயின, எரிந்தன. அவற்றை நம்பி முன்சென்ற ஆஸ்திரேலியர் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தும் சிறைப்பட்டும் போயினர். தோற்ற கதையைத் தோற்றவரே சொல்வதால் அந்நூலுக்கு மதிப்பு மிகுதி.

1917 நவம்பர் 20. காம்பிரே. 476 டாங்கிகள் ஒருசேரப் பாய்ந்தன. ஒரே நாளில் சில மைல் தூரம்! இங்கிலாந்து முழுவதும் மாதா கோயில் மணிகள் முழங்கின. ஆண்டவன் அருள் என்றனர். பத்து நாள் கழிந்தது. நவம்பர் 30-இல் ஜெர்மானியர் திருப்பித் தாக்கினர். பிடித்த நிலத்தில் பெரும்பகுதி பறிபோயிற்று. மணி அடித்தவர்கள் மௌனமாயினர். முன்னேற்றம் அருளென்றால், பின்னேற்றம் எவருடைய அருள்?

காரணம் வானத்தில் இல்லை, வண்டியில் இருந்தது. 1918 ஆகஸ்டு 8-இல் ஆமியான் போர்முனையில் 414 டாங்கிகள் களம் இறங்கின. மறுநாள் ஓடும் நிலையில் இருந்தவை 145. அதற்கு மறுநாள் 85. பின்னர் 38. ஐந்தாம் நாள் ஆறு! பகைவன் குண்டு சிலவற்றை முடித்தது. தேய்ந்த பட்டை, சூடேறிய எஞ்சின், சோர்ந்த ஆள், எட்டாத எரிபொருள் ஆகியவை மற்றவற்றை நிறுத்தின. கும்மிடிப்பூண்டி ஆலைகளிலே இயந்திரத்தோடு மல்லாடும் நம் தோழர்கள் இந்த எண்களின் பொருளைப் பேராசிரியர்களை விட விரைவில் உணர்வர். பழுதுபார்ப்பவன் கையில்தான் படையின் ஆயுள் இருக்கிறது. ஆயுதபூசை நாளில் சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் ஒரு தாங்குருளையையும் தேயாமல் காத்ததில்லை. எண்ணெய் இட்ட கைதான் காத்தது.

நமக்கு இனிக்கும் கதையையும் ஐயுறுக

இனி, மிகப் புகழ்பெற்ற நூலுக்கு வருவோம். ஜே. எப். சி. புல்லர் 1920-இல் எழுதிய ‘டாங்க்ஸ் இன் தி கிரேட் வார்’. டாங்கிப் படைத் தலைமையகத்தில் இருந்து காம்பிரே திட்டத்தில் பங்கு கொண்டவர். அறிவுக் கூர்மை பளிச்சிடும் எழுத்து, படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிதர் யார்? அலிஸ்டர் குரோலி என்னும் மந்திரவாதியைப் போற்றி 1907-இல் நூல் எழுதியவர். 1925-இல் பிராமணர், பௌத்தர் யோகத்தின் மறைபொருள் பற்றி இன்னொரு நூல் தந்தவர். 1930-களில் மோஸ்லியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தவர். இயந்திரத்தைத் தெளிவாகக் கண்ட அதே கண், மந்திரத்திலும் சர்வாதிகாரத்திலும் மயங்கிற்று. ஒருதுறை அறிஞர் எத்துறையிலும் அறிஞரென்று தலைவணங்குவோர்க்கு, இதைவிடப் பாடம் வேண்டுமா?

அடுத்தவர் லிடல் ஹார்ட். 1959-இல் வந்த ‘தி டாங்க்ஸ்’ இரு தொகுதிகள். விரிவான நூல். ஆயினும் இவர் பற்றியும் ஒரு செய்தி அறிக. ஜெர்மானியத் தளபதி குடேரியனின் நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் 1952-இல் வந்தபோது, லிடல் ஹார்ட்டைத் தம் வழிகாட்டியாகப் புகழும் பத்தி ஒன்று அதில் இருந்தது. ஜெர்மன் மூலத்தில் அப்பத்தி இல்லை! பதிப்புக்குத் துணைநின்ற லிடல் ஹார்ட்டே கேட்டுச் சேர்க்கச் செய்தது பின்னர் வெளியாயிற்று. இடைச்செருகல் என்பது நம் ஓலைச்சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே! அச்சேறிய நூலிலும் நுழையும்.

இவ்விருவரும் பரப்பிய ஒரு கதை உண்டு. குதிரைமேல் காதல் கொண்ட கிழட்டுத் தளபதிகள் டாங்கியை வெறுத்தனர். சில இளைஞர்கள் மட்டுமே அதன் அருமை உணர்ந்து போராடினர் என்பது அது. பழமையை எதிர்த்து நிற்கும் நமக்கு இக்கதை தேனாய் இனிக்கிறது. அதனாலேயே, இதை இரட்டிப்பாகச் சோதிக்க வேண்டும். குதிரைப்படையில் வளர்ந்த தலைமைத் தளபதி ஹெய்க், டாங்கி முதன்முதல் களம் கண்ட ஒருவாரத்துக்குள்ளேயே ஆயிரம் டாங்கி வேண்டுமென்று கேட்டார்! ஜே. பி. ஹாரிஸ் 1995-இல் எழுதிய ‘மென், ஐடியாஸ் அண்ட் டாங்க்ஸ்’ என்ற நூல், ஆவணங்களைத் திறந்துவைத்து அந்த இனிய கதையைப் பெரும்பாலும் தகர்க்கிறது. பழமைவாதிகள் இல்லாமல் இல்லை, இருந்தனர். ஆனால் வரலாறு, வில்லனும் வீரனும் மட்டும் தோன்றும் தெருக்கூத்தன்று. பகைவன் கதையைச் சோதிப்பது எளிது. தனக்குப் பிடித்த கதையைச் சோதிப்பவனே பகுத்தறிவாளன்.

எனவே, படிக்கும் வரிசை இப்படி அமையட்டும். முதலில் வாட்சன், மனிதர் துயர் தெரியும். அடுத்துச் சுவின்டனும் ஸ்டெர்னும். பிறப்பு வழக்குத் தெரியும். பின்னர் புல்லர்; வாதம் தெரியும். முடிவில் ஹாரிஸ், மறுப்புத் தெரியும். வடிவமைப்பை அறிய விரும்பும் தொழிற்பயிற்சி மாணவருக்கு, டேவிட் பிளெட்சர் 1984-இல் எழுதிய ‘லேண்ட்ஷிப்ஸ்’ உதவும். இந்தியக் குதிரைப்படை இயந்திரப்படையான கதைக்கு, குர்சரண் சிங் சாந்துவின் நூல்கள் உள. ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையிலிருந்து வந்த பதினாறாம் குதிரைப்படை, 1965 போரில் பில்லோராவில் டாங்கிகளோடு நின்றதை எண்ணினால், அக்கதை நமக்கு அயலன்று என்பது விளங்கும்.

தமிழில் எங்கே?

இத்தனை நூல்கள் சொன்னோம். எத்தனை தமிழில் உள? இங்கேதான் நெஞ்சு சுடுகிறது. ஆவடியில் எந்திரம் உண்டு, வரைகூடம் உண்டு, 2021 அக்டோபரிலிருந்து, கவச ஊர்தி நிறுவனம் என்ற அரசு நிறுவனத்தின் தலைமையகமும் அங்கே உண்டு. மறையும் திருகும் செய்யும் மகனுக்கு, தான் செய்வதன் வரலாறு தன் மொழியில் இல்லை. ஆங்கிலம் அறிந்தவர்க்கே அறிவு என்றால், அது புதுவகை வேதம். முன்பு காதில் ஈயம் ஊற்றினர், இன்று விலையும் மொழியும் காதை அடைக்கின்றன.

கொலைக்கருவியின் வரலாறு எதற்கு என்று கேட்பாரும் உளர். டாங்கியைப் புகழ நாம் எழுதவில்லை. அது நசுக்கிய எலும்புகளை மறக்கவும் இல்லை. போர் ஒழிய வேண்டுமென்று விரும்புகிறவன்தான் போர் எப்படி நடக்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். அறியாதவனுக்கு டாங்கி ஒரு தேர். விழாவில் ஊர்வலம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அறிந்தவனுக்கு அது மனிதன் செய்த பொருள். மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். சேற்றில் உழப் பிறந்த சங்கிலிப் பட்டையைச் சாவுக்குத் திருப்பியது மனிதன் முடிவு. மீண்டும் வாழ்வுக்குத் திருப்புவதும் மனிதன் முடிவாகவே இருக்க முடியும்.

ஆகவே, திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆவடியிலும் உள்ள படிப்பகத் தோழர்களே! ஊருக்கு ஒருவர் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அறிந்தவர் வாசித்துச் சொல்லட்டும். ஆலையில் உழைப்பவர் இயந்திரத்தை விளக்கட்டும். இருவரும் சேர்ந்து தமிழில் எழுதட்டும். கடலை வறுத்துக் கதை பேசும் மாலைகளில் வாரம் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் போதும். எழுதியதைச் சுவரில் ஒட்டுங்கள். தவறென்பவர் வந்து மறுக்கட்டும். மறுப்பையும் பக்கத்திலே ஒட்டுங்கள். ஆவடியில் எஃகு வார்க்கத் தெரிந்த தமிழனுக்கு, அவ்வெஃகின் வரலாற்றை வார்க்கவும் தெரியும் என்று காட்டுவோம்!